மூணாவது உறுப்பு

மும்பை செம்பூருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. மழைக்காலத்தில் இங்கே பேப்பரைப் பிரித்தால் முதலில் தேடுவது ஹை டைட் எத்தனை மணிக்கு, எத்தனை மீட்டர் என்பதைத்தான். நாலரை மீட்டரும் கனமழையும் சேர்ந்தால் ஆபீஸிலிருந்து சீக்கிரமே எஸ்கேப்! மெரினா பக்கம் வளர்ந்த எனக்கு இது புதுசு. அங்கே ஒரு மீட்டர் ஏறினாலே பெரிசு.

போன வாரம் பி.எஸ்ஸி. படிக்கும் மகள் லெஜாந்தர் பாலினாமியல்களை உருப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"பத்து மார்க்குப்பா."

கோபம் வந்தது, அவள் மேல் இல்லை. இரண்டு வெக்டார்களுக்கு நடுவே உள்ள தூரத்தை ஒன்றுக்குக் கீழே போட்டு விரிக்கும்போது வருபவை இவை. லெஜாந்தர் 1782-ல் ஈர்ப்புவிசைக் கணக்குக்காகத்தான் இதில் இறங்கினார்.

நிலா சுமார் 3,84,400 கி.மீ. தூரம், பூமியின் ஆரம் 6,371. விகிதம் அறுபதில் ஒன்று. அதனால் ஒவ்வொரு உறுப்பும் முந்தையதைவிட ஏறக்குறைய அறுபது மடங்கு சின்னது. முதல் உறுப்பு வெறும் மாறிலி, இழுக்காது. இரண்டாவது கடலையும் தரையையும் ஒன்றாகவே இழுக்கும், அதில் ஏற்றம் வராது. மூணாவதில்தான் காஸ் வர்க்கம். நிலா இருக்கும் பக்கமும் அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் ஒரே மதிப்பு. தினமும் இரண்டு ஹை டைட் வருவது இதனால்தான்!

டைட் டேபிளைக் காட்டிவிட்டு ஃபார்முலாவை எழுதினால் என்ன குறைந்துவிடும்? சிலபஸ் முடியாதாம். எது சின்னது, எங்கே நிறுத்தலாம் என்று தெரியாமல் ஐந்து பாலினாமியல் ஒப்பித்து என்ன பிரயோஜனம்?

ஞாயிற்றுக்கிழமை ஹாஜி அலிக்குக் கூட்டிப்போனேன். தர்கா பாதை மூழ்கும்வரை உட்கார்ந்திருந்தோம். "அடுத்தது பன்னிரண்டரை மணி நேரம் கழிச்சுப்பா" என்றாள், பேப்பரைப் பார்க்காமலே.