ஃபேக்டரி வருது, வழிவிடுங்க! கனடா கற்றுத்தரும் மாட்யூல் பாடம்

நெடுஞ்சாலையில் காற்றாலை இறக்கையைச் சுமந்துகொண்டு ஊர்ந்து போகும் நீள டிரெய்லரைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் ஒரு பைலட் வண்டி, வளைவு வந்தால் திரும்பவே தனி நேரம், பின்னால் ஹார்ன் அடித்து ஓய்ந்துபோன கார்கள். ஓர் இறக்கைக்கே இந்தப் பாடு என்றால், ஒரு முழுத் தொழிற்சாலையைத் துண்டு துண்டாகச் செய்து ரோட்டில் கொண்டுபோனால் எப்படி இருக்கும்?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பல வருடங்களாக அதுதான் நடக்கிறது. அந்தத் துண்டுகளை எந்த ஊரில் செய்வது என்பதில்தான் ஆயிரக்கணக்கானவர்களின் வேலை அடங்கியிருக்கிறது.

மாடுலர் கிச்சன் மாதிரிதான்!

முன்பெல்லாம் தச்சர் நம் வீட்டிலேயே உட்கார்ந்து வாரக்கணக்கில் அலமாரி செய்வார். இப்போது பட்டறையில் செய்த பெட்டிகளைக் கொண்டுவந்து இரண்டே நாளில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். எண்ணெய், எரிவாயு ஆலைகளையும் இப்படிக் கட்டலாம். பெரிய இரும்புச் சட்டத்துக்குள் பைப், வால்வு, பம்ப், கேபிள் எல்லாவற்றையும் பொருத்தி, முடிந்தவரை அங்கேயே சோதித்தும் அனுப்பிவிடுவார்கள். ஆலை அமையும் இடத்தில் ஒன்றோடு ஒன்றை இணைத்தால் போதும். அந்தத் துண்டுதான் மாட்யூல். அதைச் செய்யும் இடம், ஃபேப்ரிகேஷன் யார்டு.

ஏன் இந்தச் சுற்றுவழி? ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணல் சுரங்கங்கள் இருப்பது வடக்கே, ஃபோர்ட் மெக்மர்ரி பக்கம். குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரி வரைகூடப் போகும். அங்கே ஒரு வெல்டரை வேலைக்கு வைத்தால் விமான டிக்கெட், தங்கும் முகாம், மூன்று வேளைச் சாப்பாடு, கூடுதல் சம்பளம் எல்லாம் கொடுக்க வேண்டும். அதே வெல்டர் சுமார் 400 கிலோமீட்டர் தெற்கே எட்மன்டனில், கூரைக்குக் கீழே வேலை செய்தால் வெல்டிங்கும் சுத்தமாக வரும், சாயங்காலம் அவர் வீட்டுக்கும் போய்விடலாம். எட்மன்டன், நிஸ்கு வட்டாரத்தில் மாட்யூல் யார்டுகள் வளர்ந்தது இப்படித்தான்.

மாகாண அரசும் ஒரு காரியம் செய்தது. குறிப்பிட்ட சில சாலைகளில் மின்கம்பிகளை உயர்த்தி, 9 மீட்டர் உயரச் சுமை வரை போகும்படி தனிப் பாதை அமைத்தது. அதைப் பயன்படுத்தும் கம்பெனிகளிடம் கட்டணம் வாங்கிச் செலவை ஈடுகட்டுகிறது.

கொரியாவில் செய்தார்கள், வழியில் சிக்கினார்கள்

இவ்வளவு வசதி உள்ளூரில் இருந்தும், இம்பீரியல் ஆயில் நிறுவனம் தன் கெர்ல் சுரங்கத் திட்டத்துக்கான 200-க்கும் மேற்பட்ட மாட்யூல்களைத் தென்கொரியாவில் செய்தது. கப்பலில் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வந்து, அங்கிருந்து படகில் ஆற்று வழியாக ஐடஹோ மாநிலத்தின் லூயிஸ்டன் வரை போய், பிறகு மலைச்சாலையில் ஏறிக் கனடாவுக்குள் நுழைவது என்று திட்டம்.

அந்தச் சாலை இரண்டே லேன் கொண்டது. பக்கத்தில் பாதுகாக்கப்பட்ட அழகான ஆறு. மாட்யூலோ இரண்டு லேனையும் அடைக்கும் அகலம், மூன்று மாடி உயரம். 'எங்கள் மலையைத் தொழிற்சாலைப் பாதையாக மாற்றாதே' என்று உள்ளூர் மக்கள் கிளம்பினார்கள். வழக்கு மேல் வழக்கு. 2011-ல் மொன்டானா நீதிமன்றம் தடை போட்டது. லூயிஸ்டனில் வந்து நின்ற மாட்யூல்களை அங்கேயே வெட்டிச் சிறிதாக்கி, வேறு சாலைகள் வழியாக அனுப்ப வேண்டியதாயிற்று. மாட்யூலாகச் செய்ததே இடத்தில் வேலையைக் குறைக்கத்தான். அதையே வழியில் வெட்டி, மறுபடி ஒட்டினால் என்ன லாபம்?

திட்டச் செலவு 1,090 கோடி கனடா டாலரிலிருந்து 1,290 கோடிக்கு ஏறியது. மாட்யூல் போக்குவரத்துச் சிக்கலும் அதற்கு ஒரு காரணம். 2013 ஏப்ரலில்தான் உற்பத்தி தொடங்கியது. அடுத்து விரிவாக்கம் வந்தபோது மாட்யூல் வேலையை எட்மன்டன் பகுதிக்கே கொடுத்தார்கள். அது 2015-ல் குறித்த காலத்துக்கு முன்பே ஓட ஆரம்பித்துவிட்டது.

கடலோரம் என்றால் கதையே வேறு

அப்படியானால் உள்ளூர் யார்டுதான் எப்போதும் ஜெயிக்குமா? அதுதான் இல்லை.

அதே கனடாவின் மேற்குக் கரையில் கிட்டிமாட் என்ற ஊர். அங்கே எல்.என்.ஜி. கனடா என்ற மாபெரும் எரிவாயு ஏற்றுமதி ஆலை அமைந்தது. 2025 ஜூன் இறுதியில் முதல் சரக்கு ஏற்றுமதியானது. அதன் மாட்யூல்கள் செய்யப்பட்டது சீனாவில். ஆலை கடற்கரையில் இருப்பதால் சாலை அகலம் என்ற கவலையே இல்லை. ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள மாட்யூலைக் கப்பல் நேராக வாசலில் இறக்கிவிடும்.

உள்ளூர் இரும்புத் தொழிலைக் காப்பாற்ற, சீனா, தென்கொரியா, ஸ்பெயினிலிருந்து வரும் இத்தகைய இரும்புக் கட்டமைப்புகளுக்குக் கனடா 2017-லேயே கூடுதல் வரி போட்டிருந்தது. ஆனால், 'இவ்வளவு பெரிய மாட்யூல் செய்ய உள்நாட்டில் வசதி இல்லை' என்ற வாதம் வந்ததும், 2019-ல் இந்தத் திட்டத்துக்கு வரிவிலக்கு கொடுத்துவிட்டது. உள்ளூர் இரும்புக் கம்பெனிகள் கொதித்தன. பலன் இல்லை.

ஆக, உள்நாட்டுக்குள்ளே குறுகலான சாலைதான் உள்ளூர் யார்டுக்குக் காவல். கடற்கரைக்கு வந்துவிட்டால் உலகமே போட்டிக்கு நிற்கும்.

எட்மன்டனுக்கும் நிம்மதி நிலைக்கவில்லை. 2014-ல் கச்சா எண்ணெய் விலை சரிந்ததும் புதிய திட்டங்கள் நின்றன, யார்டுகள் காலியாகின. ஆர்டர் இல்லாத யார்டில் திறமையான வெல்டர் காத்திருக்க மாட்டார். போனவர்களைத் திரும்பச் சேர்ப்பது லேசான காரியமும் இல்லை.

நம்ம ஊரில்?

இந்தக் கதை நமக்கும் பழக்கப்பட்டதுதான். திருச்சி பி.ஹெச்.இ.எல். பாய்லர் ஆலையை நம்பித் துவாக்குடி வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான சிறு ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள் வளர்ந்தன. புதிய அனல் மின் நிலையங்களுக்கான ஆர்டர் குறைந்தபோது, எண்ணெய் விலை விழுந்த எட்மன்டன் மாதிரியே அவையும் தத்தளித்தன. ஒரே வாடிக்கையாளரை நம்பினால் வரும் ஆபத்து அது.

சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி-யின் மாட்யூல் யார்டு இருக்கிறது. அது கடலோர யார்டு. எந்த நாட்டுத் திட்டத்துக்கும் செய்து கப்பலில் ஏற்றலாம். அதேபோல எந்த நாட்டு யார்டும் அதற்குப் போட்டிதான். நம் ஊர் வெல்டர்களும் ஃபிட்டர்களும் சிங்கப்பூர், வளைகுடா யார்டுகளில் காலகாலமாக வேலை பார்க்கிறார்கள். கைத்திறமைக்கு இங்கே பஞ்சம் இல்லை. தொடர்ந்து வரும் ஆர்டரும், திருச்சியில் செய்ததைத் துறைமுகம் வரை தடையில்லாமல் கொண்டுபோகும் பாதையும்தான் தேவை.

தமிழ்நாட்டுக் கடலில் காற்றாலை அமைக்கும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. 'எத்தனை மெகாவாட்?' என்பதோடு இன்னொரு கேள்வியையும் இப்போதே கேட்டுவைப்போம். அந்தக் காற்றாலைகளின் இரும்புக் கால்களை எந்த ஊர் யார்டில் வெல்டிங் செய்யப் போகிறார்கள்? டெண்டர் முடிந்த பிறகு கேட்டால், பதில் கப்பலில் வந்து இறங்கியிருக்கும்.