இரண்டு மீட்டர் கயிறு

பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெட் பிறவியிலேயே பார்வையற்றவர். 2009 ஜூனில், தமது 62ஆவது பிறந்தநாளன்று, சேடி என்ற வழிகாட்டி நாயோடு இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் நடக்கப் போனார். வழியில் ஒரு பசு பாய்ந்து வந்து அவரைத் தள்ளியது. விலா எலும்பு முறிந்தது. உலகிலேயே மிக ஒழுங்காகப் பழக்கப்பட்ட நாய்களில் ஒன்றுதான் அவரோடு இருந்தது. அப்படியும் இது நடந்தது.

கன்றோடு மேயும் பசுவுக்கு எந்த நாயும் பகைதான். அதனால்தான் பிரிட்டிஷ் அரசு வெளியிடும் கிராமப்புற நடத்தை விதிகள், மாடு துரத்தினால் நாயைப் பிடித்திருக்கும் கயிற்றை உடனே விட்டுவிடச் சொல்கின்றன. நாய் ஓடித் தப்பிவிடும், மனிதரால் முடியாது. மற்ற நேரமெல்லாம் கயிற்றை விடாதே, இந்த ஒரு நேரத்தில் மட்டும் விடு என்கிறது விதி. நாயோடு ஆற்றங்கரையிலும் குன்றிலும் காட்டிலும் நடக்க விரும்புகிறவர்கள் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இதைத்தான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர். அவற்றில் பெரும்பகுதி தனியார் வயல், மேய்ச்சல் நிலம், தோப்பு ஆகியவற்றின் நடுவே போகிறது. நிலம் ஒருவருடையது; அதைக் கடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. நடப்பவரின் இயல்பான துணையாக நாயும் உடன் வரலாம். இந்த உரிமை எளிதில் கிடைத்ததல்ல. 1932 ஏப்ரல் 24 அன்று பீக் டிஸ்ட்ரிக்டின் கிண்டர் ஸ்கவுட் மேட்டில், வேட்டைக்காக மூடிவைத்திருந்த நிலத்துக்குள் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள். தலைமை தாங்கிய பென்னி ராத்மன் உட்பட ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். பாதைகளை வரைபடத்தில் பதிவு செய்யும் சட்டம் 1949இல் வந்தது. மலைகளையும் திறந்த மேட்டுநிலங்களையும் மக்களுக்குத் திறந்துவிட்ட சட்டத்துக்கு 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த 2000ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே நாய்க்கு ஒரு வரம்பு உண்டு. திறந்துவிடப்பட்ட நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, நாயை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில்தான் பிடித்திருக்க வேண்டும். கால்நடைக்கு அருகே என்றால் ஆண்டு முழுவதும் இதே விதி. ஆனால் வயல்களின் ஊடே போகும் பழைய நடைபாதைகளுக்கு இந்த ஐந்து மாத விதி கிடையாது. நாய் கட்டுப்பாட்டில் இருந்தால் போதும். எது கட்டுப்பாடு என்பதை நாய் வளர்ப்பவரே முடிவு செய்துகொள்கிறார். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

வை ஆற்றுப் பள்ளத்தாக்கில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். வேல்ஸின் பிளின்லிமன் மலையில் பிறந்து, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் ஓடி, செப்ஸ்டோ ஊரருகே செவர்ன் கழிமுகத்தில் சேரும் ஆறு அது. கடைசிப் பகுதியில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் எல்லையாகவே ஓடுகிறது. 1782இல் வில்லியம் கில்பின் எழுதிய பயண நூல் இந்தப் பள்ளத்தாக்கைத் தேடி ஆட்களைத் திரளவைத்தது. பிரிட்டனில் இயற்கை அழகுக்காகவே மக்கள் பயணம் போகும் பழக்கத்தைப் பரப்பியதில் அந்த நூலுக்குப் பெரும் பங்குண்டு. 1131இல் சிஸ்டர்சியத் துறவிகளுக்காக நிறுவப்பட்ட டின்டெர்ன் மடம், இன்று கூரையில்லாத கற்சுவர்களோடு ஆற்றங்கரையில் நிற்கிறது. எதிர்க்கரையின் காட்டுச் சரிவில் ஏறினால், எட்டாம் நூற்றாண்டின் மண்கரையை ஒட்டிச் செல்லும் ஆஃபாஸ் டைக் நெடும்பாதை. மேலே ஒரு பாறைமுனையிலிருந்து குனிந்தால் மடமும் ஆறும் ஒரே பார்வையில் அடங்கும். ஏப்ரல், மே மாதங்களில் காட்டுத்தரை முழுக்கக் காட்டுப்பூண்டின் வெள்ளைப் பூவும் புளூபெல்லின் நீலமும் விரிந்துகிடக்கும்.

நாய்க்கு இதைவிட நல்ல இடம் அமையாது. நிழலும் தண்ணீரும் உண்டு. மணங்களுக்குக் குறைவே இல்லை. வழியிலுள்ள மதுவிடுதிகள் பலவற்றின் வாசலில் நாய்களுக்கென்று கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். பிரிட்டிஷ் ரயில்களில் ஒரு பயணி இரண்டு நாய்கள் வரை கட்டணமில்லாமல் அழைத்துச் செல்லலாம். நாயைக் குடும்பத்தில் ஒருவராக நடத்தும் இந்தப் பண்பு மனதாரப் பாராட்ட வேண்டியது.

அதே காட்டில் வேறு குடும்பங்களும் வாழ்கின்றன. ஆற்றின் கிழக்கே விரியும் டீன் காட்டில், தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்துவரும் குடும்பங்களின் ஆடுகள் வேலியில்லாமல் திரிகின்றன. பண்ணைகளிலிருந்து தப்பியும் திறந்துவிடப்பட்டும் பெருகிய காட்டுப்பன்றிகளும் அங்கே உண்டு. குட்டிகளோடு இருக்கும் தாய்ப்பன்றி, மோப்பம் பிடித்து அருகில் வரும் நாயைக் கிழித்துவிடும். சைமண்ட்ஸ் யாட் பாறையில் பொரி வல்லூறு கூடு கட்டுகிறது. டின்டெர்னுக்குத் தெற்கே, கைவிடப்பட்ட பழைய ரயில் சுரங்கம் ஒன்றை 2021இல் நடைபாதையாகத் திறந்தார்கள். அங்கே லாட வௌவால்கள் உறங்குவதால் குளிர்காலம் முழுக்க அதை மூடிவிடுகிறார்கள். வௌவாலுக்காக ஒரு பாதையையே மூடும்போது பொறுத்துக்கொள்கிற மக்கள், ஆட்டுக்குட்டிக்காகக் கயிறு கட்டவும் பழகிக்கொள்வார்கள்.

ஆட்டின் சங்கதி நகரத்தாருக்குச் சட்டென்று விளங்குவதில்லை. நாய் கடித்தால்தான் ஆடு சாகும் என்றில்லை. விளையாட்டாகத் துரத்தினாலே போதும். சினை ஆடு மிரண்டு ஓடிக் குட்டி வீசிவிடும். மந்தை மொத்தமும் கற்சுவரின் மூலையில் நெருக்கியடித்து, அடியில் சிக்கியவை மூச்சுமுட்டிச் சாகும். மாட்டுக்கு வேறோர் ஆபத்து: நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நாயின் மலம் வழியாகப் புல்லில் பரவி, பசுக்களைக் கன்று வீசவைக்கிறது. பையைக் கையில் எடுத்துக்கொண்டு போவது நாகரிகத்துக்காக மட்டுமல்ல என்பதற்கு இந்த ஒரு நோய் போதும்.

1953ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆடுகள் உள்ள வயலில் நாய் கயிறோ நெருங்கிய கட்டுப்பாடோ இல்லாமல் திரிவதே குற்றம். எதையும் துரத்தியிருக்க வேண்டியதில்லை. கால்நடையைக் காக்க வேறு வழியில்லாதபோது விவசாயி அந்த நாயைச் சுட்டுக்கொன்றாலும், 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குத் துணை நிற்கும். ஒரு குடும்பத்தின் செல்ல நாய் குண்டடிபட்டுச் சாவதும் ஒரு விவசாயி காலையில் எழுந்து செத்த ஆடுகளை எண்ணுவதும் ஒரே அலட்சியத்தால் வருபவை. ஸ்காட்லாந்து இதை உணர்ந்து 2021இல் தண்டனையை 40,000 பவுண்டு அபராதம் அல்லது 12 மாதச் சிறை வரை உயர்த்தியது. அது கடுமையல்ல, நியாயம்.

பறவைகளுக்காகவும் பேச வேண்டும். வானம்பாடியும் ஆள்காட்டியும், வளைந்த நீண்ட அலகுடைய கர்லூவும் கூடு கட்டுவது தரையில்தான். நாய் மிதிக்கக்கூட வேண்டாம். அருகில் ஓடினாலே தாய்ப்பறவை எழுந்துவிடும், முட்டை குளிர்ந்துபோகும். உலகில் இனப்பெருக்கம் செய்யும் கர்லூக்களில் கணிசமான பங்கு பிரிட்டனில்தான் வாழ்கிறது. அந்த நாட்டின் அழியும் பறவைகளுக்கான சிவப்புப் பட்டியலிலும் அது இருக்கிறது.

ஆற்றுக்கு நேரும் கேடு கண்ணுக்குத் தெரிவதில்லை. 2016 முதல் 2018 வரை இங்கிலாந்தின் 20 ஆறுகளில் எடுத்த நீர் மாதிரிகளின் தரவுகளை சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். ஏறக்குறைய எல்லா மாதிரிகளிலும் ஃபிப்ரோனில் இருந்தது. தெள்ளுப்பூச்சியைக் கொல்ல நாயின் பிடரியில் சொட்டுவிடும் மருந்து அது. நீரில் வாழும் பூச்சிகளுக்கும் நஞ்சு. பெரும்பகுதி வீட்டுச் சாக்கடை வழியாக ஆற்றுக்கு வந்தாலும், மருந்து போட்ட நாய் குதித்து நீந்தினால் நேராகவே கலந்துவிடும். வை ஆறு ஏற்கெனவே நொந்துபோன ஆறு. பள்ளத்தாக்கின் கோழிப்பண்ணைக் கழிவிலிருந்து வரும் பாஸ்பரஸ் அதன் பெரிய நோய். 2023இல் அதன் நிலை மோசமாகிவருவதாக இங்கிலாந்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பே அறிவித்தது. கோழிப்பண்ணை செய்யும் கேட்டின் முன் நாய் செய்வது சிறிதுதான். ஆனாலும் மருந்து போட்ட நாள்களில் நாயை ஆற்றில் இறக்காமல் இருக்க யாருக்கும் காசு செலவில்லை.

நாய் ஓட வேண்டாமா என்று கேட்பவர்களின் பக்கமும் நியாயம் உண்டு. நாள் முழுக்கக் கயிற்றில் நடக்கும் நாய்க்கு அது நிறைவான நடையல்ல. இதற்கு விடை, ஆடு மேயும் வயலைத் திறந்துவிடுவதல்ல. உயரமான வேலி போட்ட வயல்களை மணிக்கணக்கில் நாய்களுக்கு வாடகைக்கு விடும் விவசாயிகள் பிரிட்டனில் பெருகியிருக்கிறார்கள். விவசாயிக்கு வருமானம், நாய்க்கு ஓட்டம். ஊராட்சிகளும் தேசியப் பூங்காக்களும் நடைபாதைகளின் தொடக்கத்திலேயே இப்படிப்பட்ட இடங்களை ஒதுக்க வேண்டும்.

இங்கிலாந்தும் வேல்ஸும் செய்ய வேண்டிய திருத்தம் மிகச் சிறியது. திறந்த மேட்டுநிலத்துக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த மார்ச் முதல் ஜூலை வரையிலான கயிறு விதியை, கால்நடை மேயும் வயல்களின் ஊடே போகும் நடைபாதைகளுக்கும் நீட்டிக்க வேண்டும். “நாயைக் கட்டுப்பாட்டில் வையுங்கள்” என்ற பொத்தாம்பொதுவான பலகைகளை எடுத்துவிட்டு, எந்தத் தேதிவரை, எதற்காக என்று எழுதிவைக்க வேண்டும். இந்த வயலில் ஆடுகள் ஈனுகின்றன என்று எழுதியிருந்தால் பெரும்பாலோர் தாமாகவே கயிறு மாட்டுவார்கள்.

அங்கே வாழும் பிள்ளைகளைப் பார்க்க வசந்தகாலத்தில் போய், வீட்டு நாயோடு ஆற்றங்கரைக்கு நடக்கக் கிளம்பும் தமிழ்ப் பெற்றோருக்கும் இதே வேண்டுகோள்: வயலின் வாயிற்கதவை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விட்டுச் செல்லுங்கள். மலப்பையை மரக்கிளையில் தொங்கவிடாமல் குப்பைத்தொட்டி வரை எடுத்துப் போங்கள். கன்றோடு மாடுகள் நின்றால் சுற்றிப் போங்கள். ஆட்டைப் பார்க்கும் முன்பே கயிற்றை மாட்டிவிடுங்கள்.