முன் ஆக்ஸிலை மாற்றினால் கூடுதல் பாரம் ஏற்றலாமா?

கேள்வி: ‘பழைய பிக்கப் வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். நெல் மூட்டை, உரம், தீவனம் எல்லாம் அதில்தான் போகிறது. கொஞ்ச நாளாக முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது, ஸ்டீயரிங் ஆடுகிறது. பெரிய வண்டியில் இருந்து கழற்றிய கனமான முன் ஆக்ஸில் ஒன்று விலைக்கு வருகிறது. அதைப் பூட்டினால் ஆட்டமும் நிற்கும், இன்னும் பத்து மூட்டை சேர்த்து ஏற்றலாம் என்கிறார்கள். செய்யலாமா?’
- வாசகர், அடி அண்ணாமலை

பதில்: அடி அண்ணாமலை வாசகருக்கு இந்த ஆசை ஏன் வந்தது என்பது அந்த ஊரை அறிந்தவர்களுக்குப் புரியும். ஊர் கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் பாதையில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்துவிடும். அதற்கு முன்பே சரக்கை வெளியே எடுத்துவிட வேண்டும். இரண்டு நடை போக வேண்டியதை ஒரே நடையில் முடித்தால் டீசல் மிச்சம், நேரமும் மிச்சம். ஆனால் கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஸ்டீயரிங் ஆடுவது ஒன்று, பாரம் கூட்டுவது இன்னொன்று. ஒரே ஆக்ஸில் இரண்டையும் தீர்க்கும் என்று சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார்.

முதலில் பாரத்தைப் பார்ப்போம். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று தெரியும். மூட்டையை முன்னால் தள்ளி அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் தள்ளி அடுக்கினால் நுகத்தடி மேலே தூக்கும். பிக்கப்பிலும் கணக்கு அதுதான்.

ஒரு வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 75 கிலோ மூட்டை 20 ஏற்றினால் 1,500 கிலோ. அந்தப் பாரத்தின் நடு, பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது என்றால், முன் ஆக்ஸிலுக்குப் போவது சுமார் 173 கிலோ மட்டுமே. மீதி 1,327 கிலோவும் பின் ஆக்ஸில் மேல். இன்னும் 10 மூட்டை அதே மாதிரி அடுக்கினால் கூடுவது 750 கிலோ. அதில் முன்னுக்குப் போவது சுமார் 87 கிலோ, பின்னுக்குப் போவது 663 கிலோ. கூடுதல் மூட்டையைத் தாங்கப்போவது பின் ஆக்ஸில், பின் பட்டை, பின் டயர், சேஸ் ஆகியவைதான். அவை எல்லாம் பழையபடியே இருக்கும்போது முன்னால் எவ்வளவு கனமான ஆக்ஸில் இருந்து என்ன பயன்?

கரும்பு மாதிரி பின் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு போகும் பாரம் என்றால் இன்னும் மோசம். பாரத்தின் நடு பின் அச்சைத் தாண்டிவிட்டால் முன் சக்கரத்தின் எடை குறையும். ஸ்டீயரிங் லேசாகிவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் முன் டயர் ரோட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

முன் பக்கம் நிஜமாகவே சுமப்பது பிரேக் பிடிக்கும்போதுதான். வண்டியும் சரக்கும் சேர்ந்து 3,000 கிலோ, பாரத்தின் நடு தரையில் இருந்து 90 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தால், அவசரமாக மிதிக்கும் ஒரு பிரேக்கில் 500 கிலோவுக்கு மேல் முன்னால் சாயும். அந்த நேரத்தில் வண்டியை நிறுத்துவது பிரேக். வேறு வண்டியின் ஆக்ஸிலோடு வேறு அளவு டிரம்மும் வீல் சிலிண்டரும் வரும். மாஸ்டர் சிலிண்டர் பழசாகவே இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பெடல் அடி வரைக்கும் இறங்கும், அல்லது முன் சக்கரம் மட்டும் முதலில் பூட்டிக்கொள்ளும். ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் பாரத்தோடு இறங்கும்போது இதைக் கண்டுபிடிக்க நேர்ந்தால் ஓட்டுபவரின் கதி என்ன?

பொருத்துவதிலும் சங்கடம் உண்டு. ஆக்ஸிலில் பட்டை உட்காரும் இடங்களின் இடைவெளி வண்டியின் பட்டையோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வெல்டிங் வைக்கச் சொல்வார்கள். முன் ஆக்ஸில் உலையில் அடித்து, பதம் போட்டுச் செய்த இரும்பு. கேஸ் வைத்துச் சூடாக்கினாலும் வெல்டிங் வைத்தாலும் அந்தப் பதம் போய்விடும். ஸ்டீயரிங் ராடு பழைய கோணத்தில் உட்காராவிட்டால், பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். முன்னால் ஆறு போல்ட் சக்கரம், பின்னால் ஐந்து போல்ட் என்று ஆகிவிட்டால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவாது. முன்னால் பட்டை இல்லாமல் தனித்தனி சக்கர சஸ்பென்ஷன் உள்ள பிக்கப் என்றால் சேஸையே வெட்ட வேண்டிவரும். அந்தப் பேச்சே வேண்டாம்.

யூடியூபில் அமெரிக்காவில் பழைய பிக்கப்புகளுக்கு டானா 60 மாதிரி கனமான முன் ஆக்ஸில் பூட்டுவதைக் காட்டுகிறார்களே என்று சிலர் கேட்கலாம். அவை நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள். முன் ஆக்ஸிலுக்குள்ளும் கியரும் ஷாஃப்டும் இருக்கும். பெரிய டயர் போட்டுப் பாறையிலும் சேற்றிலும் ஏற்றும்போது அவை உடையாமல் இருப்பதற்காகத்தான் அந்த வேலை. நம் ஊரில் சரக்கு ஏற்றும் பிக்கப்புகளில் பெரும்பாலானவை பின் சக்கரத்தால் மட்டும் ஓடுபவை. இவற்றில் முன் ஆக்ஸில் தாங்கும், திரும்பும், அவ்வளவுதான்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்தபடி பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எந்த ஆக்ஸிலைப் பூட்டினாலும் ஆர்.சி. புக்கில் உள்ள மொத்த எடை ஒரு கிலோகூட ஏறாது. அதற்கு மேல் ஏற்றினால் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் அபராதம். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி.க்குப் போக வேண்டும். மாற்றிய ஆக்ஸில் அங்கேயே கண்ணில் படும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவதும் இதைத்தான்.

இனி ஸ்டீயரிங் ஆட்டத்துக்கு வருவோம். இதற்கு ஆக்ஸில் மாற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. சமதரையில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, முன் பக்கம் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். டயரை இட வலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு முனை. இரண்டு முன் டயரும் வெளி ஓரம் தேய்ந்தால் அலைன்மெண்ட் உள்பக்கம் அதிகம் சாய்ந்திருக்கிறது, உள் ஓரம் தேய்ந்தால் அதற்கு எதிர். ஒரே டயர் மட்டும் ஒரு ஓரம் தேய்ந்தால் கிங் பின்னையோ வளைந்த ஆக்ஸிலையோ சந்தேகப்படலாம்.

வயலுக்கும் ரோட்டுக்கும் போய்வரும் வண்டியில் கிங் பின் சீக்கிரம் போவதற்குக் காரணம் சேறும் தண்ணீரும். கிரீஸ் நிப்பிள் அடைத்திருந்தால் கிரீஸ் துப்பாக்கியை எத்தனை முறை அழுத்தினாலும் உள்ளே போகாது. பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வருகிறதா என்று பார்த்தே அடிக்க வேண்டும். பட்டையின் நடு போல்ட் உடைந்து ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்திருந்தாலும் வண்டி இழுக்கும், டயர் தேயும்.

ஆக்ஸில் வளைந்தே இருந்தால்? அதே மாடலுக்கு உரிய அதே ஆக்ஸிலை வாங்கிப் பூட்டலாம். அது பழுதுபார்ப்பு, வண்டியின் விவரம் எதுவும் மாறுவதில்லை. பில்லை ஆர்.சி.யோடு வைத்திருப்பது நல்லது.

பாரம் விஷயத்தில் இவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வழக்கமாக ஏற்றும் சரக்கோடு எடைமேடைக்குப் போய், முழு வண்டி, முன் சக்கரம் மட்டும், பின் சக்கரம் மட்டும் என்று மூன்று எடை எடுக்கட்டும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டால், இப்போது ஏற்றுவதே கூடுதலா என்று தெரிந்துவிடும். பத்து மூட்டை கூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பௌர்ணமிக்கு முன் ஒரு நடைக்குப் பெரிய வண்டி வாடகைக்கு எடுப்பது மலிவு. பழைய பிக்கப்பை விற்று அதிக எடைக்குப் பதிவான வண்டி வாங்குவது அடுத்த வழி. பின்னால் கூடுதல் பட்டை சேர்ப்பது வழியல்ல. வண்டி தாழாமல் நிற்கும், ஆனால் ஹவுசிங்கும் பேரிங்கும் அதே பாரத்தைத்தான் சுமக்கும்.

கிங் பின் வேலைக்காகக் கழற்றும்போது யு போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டுவிடச் சொல்லலாம். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அவற்றை இன்னொரு முறை முறுக்கிக்கொள்ள வேண்டும். புது யு போல்ட் முதல் ஓட்டத்தில் தளரும்.