மார்ச் மாசம் எங்கே போச்சு?

இந்த வாரம் ஒரு பல்பு வாங்கிய கதை.

2024 ஏப்ரல். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ. நம்ம ரூம்மேட் மாப்ள ஒருத்தன், ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒரு டெம்பரேச்சர் லாகர் வெச்சு, மார்ச் முழுக்க பத்து நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் எடுத்திருந்தான். ஒரு நாளைக்கு 144. மொத்தம் 4464 வரி. எல்லாம் கமா போட்டுப் பிரித்த சி.எஸ்.வி. ஃபைல். டபுள் கிளிக் பண்ணி எக்செல்லில் திறந்து, தேதியை அழகா மாத்தி, பிரின்ட் போட்டு பைண்டிங்கும் பண்ணியாச்சு.

கைடு ரெண்டு பக்கம் புரட்டினார். “ஏம்ப்பா, இது ஏப்ரல். டிசம்பர் 3-ம் தேதி வெயிலை நீ எப்படி அளந்தே?”

மாப்ள ‘ஙே’ என்று விழித்தான். ஜனவரி 3, பிப்ரவரி 3, அப்படியே டிசம்பர் 3 வரை வரிசையா நிக்குது. மார்ச்சில் ஒரே ஒரு நாள்தான் மிச்சம். “உட்கார்ந்து டைப் அடிச்ச டேட்டா”ன்னு முடிவே கட்டிட்டார். ஒரு வாரம் டைம். இல்லேன்னா ப்ராஜெக்ட் காலி.

ராத்திரி ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். லாகர் எழுதினது நம்ம ஊர் வழக்கம்: நாள், மாதம், வருடம். லேப்டாப்போட ரீஜன் செட்டிங்கோ அமெரிக்கா! அங்கே மாதம்தான் முதல்ல. அதனால 01/03 ஜனவரி 3 ஆயிடுச்சு. 12/03 டிசம்பர் 3. சரி, 13/03? பதிமூணாவது மாதம் கிடையாதே! அதைத் தேதின்னே ஒத்துக்காம வெறும் எழுத்தா விட்டுடுச்சு. 1728 வரி தப்பான தேதி, 2736 வரி தேதியே இல்லை. ஒரு எர்ரர் மெசேஜ்கூட வரலை, அதான் கொடுமை.

கண்டுபிடிக்க ஈஸி வழி, செல்லைப் பாருங்க. நாம அலைன்மென்ட்டை மாத்தாத வரை தேதி வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். ஒரே காலத்தில் ரெண்டும் இருந்தா வில்லங்கம்.

(மாப்ள மட்டும் இல்லை பாஸ். எக்செல் தேதியா மாத்திடுதேன்னு, ‘மார்ச்1’ங்கிற மனித ஜீனுக்கு 2020-ல் ‘மார்ச்எஃப்1’னு பேரையே மாத்தினாங்க விஞ்ஞானிகள்!)

நல்லவேளை, ஒரிஜினல் ஃபைல் மெமரி கார்டில் அப்படியே இருந்தது. காப்பி எடுத்து, பேரோட வாலை டி.எக்ஸ்.டி.ன்னு மாத்தித் திறந்தோம். இப்போ எக்செல் சும்மா திறக்காம கேள்வி கேக்கும். கமாவோட ஸ்பேஸையும் டிக் பண்ணா தேதி தனியா, நேரம் தனியா விழும். தேதி காலத்துக்கு ‘டி.எம்.ஒய்.’ கொடுத்துட்டு, அப்புறம் ரெண்டையும் கூட்டிடலாம். எக்செல்லுக்குத் தேதிங்கிறது முழு எண், நேரம் அதோட பின்னம். மத்தியானம் 12 மணின்னா 0.5, அவ்ளோதான்.

பைத்தான் பார்ட்டிகளுக்கு: பாண்டாஸை யூகிக்க விடாதீங்க, ஃபார்மேட்டை நீங்களே எழுதுங்க. சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிஷம். தப்பை எல்லாம் காலியாக்கும் ‘கோயர்ஸ்’ போட்டா, எத்தனை வரி காலியாச்சுன்னு கண்டிப்பா எண்ணிப் பாருங்க. தேதிக்குப் பதில் நீள நம்பர் வந்தா, அது பெரும்பாலும் 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணினது. 10 இலக்கம்னா விநாடி, 13 இலக்கம்னா மில்லி விநாடி.

மார்ச் திரும்ப வந்தாச்சு. கிராஃப் போட்டா அடுத்த குண்டு: உச்சி வெயில் காலைல 8.30-க்கு! லாகர் நேரம் எடுத்தது ஜி.பி.எஸ். மாட்யூலில் இருந்து. அது தர்றது யு.டி.சி. நம்ம ஊர் நேரம் அதுக்கு அஞ்சரை மணி முன்னால. அஞ்சரையை 24-ஆல வகுத்து எல்லா வரியிலும் கூட்டினோம். வெயில் ரெண்டு மணிக்கு வந்து உட்கார்ந்தது.

அடுத்த ரிவ்யூவில் கைடு கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல திறந்தார். “மார்ச் டேட்டான்னே... ஏப்ரல் 1-ல 33 வரி இருக்கே?”

இந்தத் தடவை மாப்ள சிரிச்சான். “அஞ்சரை மணி நேரம் சார். மணிக்கு ஆறு ரீடிங். பெருக்கிப் பாருங்க!”