அம்மனே பட்டினி கிடக்கா... நீ சாப்பிடு தாயி!

மாமியாரைப் பற்றி எழுதுகிறேன் என்றதும், 'ஆரம்பிச்சுட்டாளா புலம்பலை' என்று நினைத்துவிடாதீர்கள் தோழிகளே! 2023 ஐப்பசியில், 83 வயதில் எங்களை விட்டுப் போன என் அத்தையைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் இருந்த விரதத்தைச் சாக்காக வைத்து, என் வீட்டில் எழுந்த ஒரு கேள்வியையும் உங்கள் முன் வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது லால்குடி பக்கம் ஒரு கிராமம். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் சமயபுரத்தாள்தான் தாய். மற்ற கோவில்களில் பக்தர்கள் சாமிக்காக விரதம் இருப்பார்கள். சமயபுரத்திலோ, மக்கள் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டுமென்று அம்மனே விரதம் இருக்கிறாள். மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் ஆரம்பித்து, 28 நாள் பச்சைப்பட்டினி. அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், பழம் இவைதான்.

அத்தை 16 வயதில் இந்த வீட்டுக்கு வாழ வந்தவர். ஐந்து பிள்ளைகள் பெற்றார், என்னவர் கடைக்குட்டி. வந்த வருஷத்திலிருந்தே அம்மனோடு சேர்ந்து அவரும் 28 நாள் விரதம் இருப்பார். மஞ்சள் சேலை, பகல் முழுக்க நீர்மோர், ராத்திரி கொஞ்சம் துள்ளுமாவும் ஒரு பழமும். அதற்காக அடுப்படியை விட்டவரில்லை. வயல் வேலைக்கு வந்த ஆட்களுக்கும் சேர்த்து உலை வைப்பார். விரத நாளில் உப்புப் பார்க்க முடியாதே! என்னைக் கூப்பிட்டு, உள்ளங்கையில் சொட்டுக் குழம்பு ஊற்றி, 'சரியா இருக்கா பாரு' என்பார். 2009ல் கல்யாணமாகி வந்த நான் சமையல் படித்தது அப்படித்தான்.

அடுத்த வருஷம் நான் முழுகாமல் இருந்து, மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர், 'மாமியார் பட்டினி கிடக்க, மருமக மூணு வேளையும் சாப்பிட்டா எப்படித் தங்கும்?' என்றார். அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. 2011 மாசியில் மறுபடி ஐந்து மாதம். யாருக்கும் சொல்லாமல் நானும் விரதம் ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள், மாட்டுக்கு வைக்கும் கழுநீர்ப் பானையில் நான் கொட்டிய சோற்றை அத்தை பார்த்துவிட்டார். திட்டவில்லை. தட்டில் சோறு போட்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்தார்.

'அம்மன் எதுக்குத் தாயி பட்டினி கிடக்கா? அவ புள்ளைங்க வயிறு குளிரணும்னுதானே? நீயும் அவ புள்ளை, வயித்துல இருக்கிறதும் அவ புள்ளை. நீ காஞ்சு கிடந்தா, அவ கிடக்கிற பட்டினிக்கு என்ன அர்த்தம்?'

நான் அழுதுகொண்டே, உறவுக்காரப் பெண்மணி சொன்னதைச் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, 'எனக்கும் ரெண்டு தங்கலை தாயி. அப்பல்லாம் நான் விரதம் இருந்தவதான். அது யாரு குத்தமும் இல்லை. சாப்பிடு' என்றார். அதுவரை யாரிடமும் அவர் சொல்லாதது அது. அந்தச் சோற்றை நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அவர் எழுந்திருக்கவில்லை. ஆடியில் என் மகள் பிறந்தாள்.

75 வயதில் பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததும், தன் விரதத்தையும் அவரே நிறுத்திவிட்டார். 'வெறும் வயித்துல மாத்திரையைப் போட்டு விழுந்தா, தூக்கறது நீதானே' என்று சிரித்தார். அதற்குப் பதில், பூச்சொரிதலுக்குப் பூத்தட்டு ஏந்தி நடந்து போகிறவர்களுக்கு, திண்ணையில் உட்கார்ந்து நீர்மோர் கொடுக்க ஆரம்பித்தார்.

பெண் பிள்ளையையும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. தைப்பூசத்தன்று ஸ்ரீரங்கம் பெருமாள், கொள்ளிடக்கரையில் தங்கை சமயபுரத்தாளுக்குச் சீர் கொடுப்பார். 'பெருமாளே கூடப்பொறந்தவளுக்குச் சீர் குடுக்கிறாரு, நீ என்னடா கணக்குப் பார்க்கிறே?' என்று, வருஷா வருஷம் என் நாத்தனாருக்குச் சேலை எடுக்க வைப்பார்.

தலைத் திவசம் முடிந்து, 2025 தைப்பூசத்துக்கு அதே போல் சேலை கொடுத்தோம். அப்போதுதான் நாத்தனார், 'அம்மா இருந்த விரதம் நம்ம வீட்ல அத்துப் போகக் கூடாது. இந்த மாசியிலேர்ந்து நீதான் எடுக்கணும். இல்லேன்னா குடும்பத்துக்கு ஆகாது' என்றார். எனக்கோ இரண்டு வருஷமாகச் சர்க்கரை. இரண்டு வேளை மாத்திரை. சாப்பிடாமல் மாத்திரை போட்டால் சர்க்கரை ஒரேயடியாகக் குறைந்து மயக்கம் வரும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார்.

'அண்ணி, உங்க அம்மா எனக்குச் சோறு போட்ட கதையைக் கேளுங்க' என்று எல்லாவற்றையும் சொன்னேன். தன் தாய்க்கு இரண்டு குழந்தை தங்காமல் போனது அன்றுதான் அவருக்குத் தெரியும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'எங்கிட்டகூட சொல்லலையே' என்றார். பூச்சொரிதல் அன்று விடியற்காலையிலேயே வந்து, இஞ்சி தட்டி, கறிவேப்பிலை கிள்ளிப்போட்டு, மோர்ப்பானையை அவரே திண்ணைக்குத் தூக்கி வந்தார்.

விரதம் இருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. உடம்பில் தெம்பும் மனதில் விருப்பமும் இருந்தால் தாராளமாக இருக்கட்டும். ஆனால் வயிற்றுப் பிள்ளைக்காரியையும், மாத்திரை சாப்பிடுபவளையும், 'நீ இருக்காததாலதான் இப்படி ஆச்சு' என்று பயமுறுத்தலாமா? ஏற்கெனவே அழுது கொண்டிருப்பவள் தலையில் பழியும் போடுவது எந்த சாமிக்கு ஏற்கும்?

60 வருஷத்துக்கு மேல் சாமி கும்பிட்ட என் அத்தை, ஒரு நாளும் தன் விரதத்தை அடுத்தவர் வயிற்றில் சுமத்தவில்லை. அவர் எனக்கு விட்டுப்போனது அந்த மோர்ப்பானைதான். என் மகளுக்கும் அதையேதான் கொடுப்பேன். நான் செய்தது சரிதானே தோழிகளே?

— ஒரு வாசகி, லால்குடி.