தாலி இல்லாத குடித்தனம்: சட்டம் காக்குமா?

கொடைக்கானலுக்கு ஓர் ஆணும் பெண்ணும் போகிறார்கள். விடுதியில் அறை எடுக்கிறார்கள். அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இது குற்றமா?

குற்றம் அல்ல. இருவரும் வயது வந்தவர்களாக, மனம் ஒத்துத் தங்கினால் போதும். கோவையில் இப்படி அறை கொடுத்த ஒரு விடுதியை அதிகாரிகள் பூட்டி "சீல்" வைத்தார்கள். மணமாகாதவர்கள் தங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று சென்னை ஐகோர்ட்டு நீதிபதி எம்.எஸ்.ரமேஷ் 2019 டிசம்பரில் கூறினார். விடுதியைத் திறக்க உத்தரவிட்டார்.

ஆனால், குற்றம் இல்லை என்பது வேறு. பாதுகாப்பு உண்டு என்பது வேறு.

தோட்டத்து ஜோடி

அதே மலையில் தாண்டிக்குடிப் பக்கம், காப்பித் தோட்டத்தில் இன்னொரு ஜோடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாலி இல்லை. ஆனால் பத்து வருஷமாக ஒரே வீடு, ஒரே உலை. ஒரு நாள் அவன் அவளை அடித்துத் துரத்துகிறான். அவள் எங்கே போவாள்?

அவளுக்கு வழி உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005-ம் ஆண்டுச் சட்டம், "திருமணம் போன்ற உறவில்" வாழும் பெண்ணையும் சேர்த்துக்கொள்கிறது. 2006 அக்டோபர் 26-ல் இது அமலுக்கு வந்தது. அடிக்காதே என்ற உத்தரவு, குடியிருந்த வீட்டில் இருக்கும் உரிமை, செலவுக்குப் பணம் ஆகியவற்றை அவள் கோர்ட்டில் கேட்கலாம்.

நான்கு நிபந்தனைகள்

எது "திருமணம் போன்ற உறவு"? 2010 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியது.

1. ஊரார் முன் கணவன் மனைவி போல வாழவேண்டும்.
2. இருவருக்கும் கல்யாண வயது ஆகியிருக்கவேண்டும்.
3. இருவரும் மணம் செய்யத் தகுதி உள்ளவர்களாக இருக்கவேண்டும். வேறு கணவனோ மனைவியோ இருக்கக்கூடாது.
4. மனமுவந்து, கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்கவேண்டும்.

ஒரே வீட்டில் வாழ்ந்திருப்பதும் அவசியம். சனி, ஞாயிறு மட்டும் சேர்ந்து தங்கினால் போதாது என்றும் கோர்ட்டு சொன்னது. ஆகவே தோட்டத்துப் பெண்ணுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, விடுதி ஜோடிக்குக் கிடையாது.

ஒன்பது வருஷம்

அந்தத் தீர்ப்பும் ஒரு கோவை வழக்கில் வந்ததுதான். 1986-ல் தமக்குக் கல்யாணம் நடந்ததாகச் சொன்ன ஒரு பெண், 2001-ல் ஜீவனாம்சம் கேட்டார். கேட்ட தொகை மாதம் 500 ரூபாய். அந்த மனிதரோ, 1980-லேயே வேறொரு பெண்ணை மணந்துவிட்டதாகச் சொன்னார். கீழ்க்கோர்ட்டும் ஐகோர்ட்டும் வழக்குப் போட்ட பெண்ணின் பக்கம் நின்றன. ஆனால் அந்த இன்னொரு பெண்ணை விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னது தவறு என்றது சுப்ரீம் கோர்ட்டு. ஒன்பது வருஷம் கழித்து வழக்கு கோவைக்கே திரும்பியது!

இதில் பெண்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. சேர்ந்து வாழுமுன் அவன் மணமானவனா என்று விசாரியுங்கள். ரேஷன் கார்டு, வாடகைச் சீட்டு, பிள்ளையின் பிறப்புச் சான்று ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். கல்யாணச் செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலே இந்துக்களுக்குக் கல்யாணம் செல்லும் என்று 1967-லேயே தமிழ்நாட்டில் சட்டம் செய்தாகிவிட்டது. அதைச் சார்பதிவாளர் ஆபீசில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஆபத்து என்றால் 181-க்கு டெலிபோன் செய்யுங்கள். தாலி இருக்கிறதா என்று பார்த்து அடி விழுவதில்லை. உதவி கேட்கவும் தாலி தேவையில்லை.