டெண்டரும் நம்மவர் அறிமுகத் தாளும்

நம் குடும்பங்களில் தையல், அச்சு, மரவேலை போன்ற சிறுதொழில் நடத்துவோர் சிலர் அரசு டெண்டருக்கு முயல்கின்றனர். அவர்தம் அறிமுகத் தாளில் ‘தரமே எங்கள் உயிர்’ என்பன போன்ற அலங்கார மொழிகளையே நாம் காண்கிறோம். பரிசீலிக்கும் அதிகாரி தேடுவதோ வேறு. ‘சிறந்த சீருடை’ என்பதினும், ‘400 சட்டைகளை 30 நாளில் வழங்கினோம், சான்று இணைப்பில்’ என்பதே எடுபடும்.

உத்யம் பதிவெண்ணை முதலிலேயே குறிப்பிடுக. மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கைப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டுவதில்லை. வாங்கி விற்பவருக்கு அச்சலுகை இல்லை. சலுகையை விரும்பி அவர் தம்மை உற்பத்தியாளர் என எழுதினால், பொய் வெளிப்பட்டதும் ஈராண்டு வரை விலக்கப்படலாம்.

தாள் ஒரு பக்கமே போதும், அன்பர்களே. அதிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் ஆதாரம் நம் கையில் இருத்தல் வேண்டும்.